இடது முதலில், வலது பிறகு

ஜூன் 4, ஞாயிறு

கோமதியின் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. குலசாமி கோயிலில் நிழல் என்று சொல்ல ஒரே ஒரு வேப்பமரம், அதன் அடியில் நூற்றைம்பது பேர். பந்தியில் எங்கள் வரிசைக்கு மட்டும் அப்பளம் வரவில்லை என்று சின்ன மாமனார் எழுந்து போய்விட்டார். அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைப்பதற்குள் என் இலையில் சோறு ஆறிவிட்டது. மூன்றரை மணி வாக்கில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். மைக் செட் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 5, திங்கள்

வழக்கத்தைவிட முன்னதாக ஏழரைக்கே போய்விட்டேன். முதலில் ரத்த வங்கி. கணினிக்குப் பின்னால் தூசி துடைத்து, ஒயர்களைப் பிடுங்கிச் சொருகினேன். பிறகு ஓ.பி. கவுண்டரில் பிரிண்டர் தாளைக் கடித்துக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கப் போனேன். இந்த ஆஸ்பத்திரியில் ஒயர் தொங்கும் எதுவாக இருந்தாலும் என் தலையில்தான் விடியும்.

ஒன்பது மணிக்கு மங்கை டாக்டர் கூப்பிட்டனுப்பினார். ரத்த வங்கிக்குப் பொறுப்பு அவர்தான். திரையில் நேற்றைய கோடு. அங்கே இரண்டு ஃபிரிட்ஜ். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சென்சார் வைத்து, வெப்பத்தைக் கணினியில் காட்டும்படி போன வருஷம் நான்தான் செய்து கொடுத்தேன். ரத்தம் இரண்டிலிருந்து ஆறு டிகிரிக்குள் இருக்க வேண்டும். நேற்று மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்டு போய், ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் யூ.பி.எஸ். கைவிட்டு, கணினி ஒருமுறை அணைந்து எழுந்திருக்கிறது. அதிலிருந்து ஒன்றாம் ஃபிரிட்ஜின் கோடு ஏறிக்கொண்டே போய்ப் பதின்மூன்றைத் தொட்டு, ஐந்தரைக்கு மேல் தானாக இறங்கியிருக்கிறது. இரண்டாம் ஃபிரிட்ஜ் நாலில் அசையாமல் இருந்தது.

நேற்று டியூட்டியில் இருந்தவர் பிலோமினா அக்கா. இருபத்துநாலு வருஷமாக ரத்த வங்கியில் டெக்னீஷியன்.

"அலாரம் அடிச்ச உடனே போய்த் தொறந்து பாத்தேன் டாக்டர், மூணே காலுக்கு. ஒண்ணாம் நம்பர்ல தொங்குற கண்ணாடி தெர்மாமீட்டர்ல நாலு டிகிரி. கண்ணாடியப் போட்டுக்கிட்டுத்தான் பாத்தேன்."

"மூணே காலுக்கு மெஷின்ல எட்டு இருக்கேம்மா."

"நான் பாத்தது நாலு."

டாக்டர் ஒன்றாம் ஃபிரிட்ஜிலுள்ள முப்பத்தொரு பையையும் அழிக்கச் சொன்னார். நான் குறுக்கிட்டு, இரண்டு ஃபிரிட்ஜில் உள்ளதையும் அழித்துவிடுவது நல்லது என்றேன். கரண்டு போனது இரண்டுக்கும்தானே என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். மொத்தம் ஐம்பத்தெட்டுப் பை. "இசக்கிக்கு இருக்கிற பொறுப்பு இங்க வேற யாருக்கும் இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பிரிண்டரைச் சாக்குச் சொல்லி வந்துவிட்டேன்.

ஜூன் 6, செவ்வாய்

யூ.பி.எஸ். பேட்டரி மாற்றினேன். எக்ஸ்ரே அறையில் எலி கடித்த ஒயர்.

ஜூன் 7, புதன்

பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு. ஓ நெகட்டிவ். எங்களிடம் இருந்த இரண்டு பையும் திங்கட்கிழமையே அழித்த கணக்கில் போய்விட்டன. திருநெல்வேலியிலிருந்து கார் வைத்துக் கொண்டுவந்தார்கள், ஒரு மணி ஐம்பது நிமிஷம். அதுவரை அவள் புருஷன் ரத்த வங்கி வாசலில் கையில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு நின்றான். அவள் பிழைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பிலோமினா அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து உத்தரவு. அலாரத்தைக் கவனிக்கவில்லை என்பதோடு, பார்க்காமலே பார்த்ததாகப் பொய் சொன்னார் என்றும் அதில் எழுதியிருக்கிறது. நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்ததை நான் முழுக்கப் படிக்கவில்லை.

ஜூன் 9, வெள்ளி

நிர்வாக அதிகாரி ஜெபராஜ் சார் விசாரணை நடத்துகிறார். என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை அந்தம்மா உங்களுக்குப் போன் பண்ணுனாங்களாமே. என்ன சொன்னீங்க?"

"சென்சார் கோளாறா இருக்கும், அலாரத்த அமத்தி வைங்க, நாளைக்கு வந்து பாக்கேன்னு சொன்னேன் சார். தொறந்து பாத்தீங்களான்னு கேட்டேன். பாத்தேன், நாலுதான் இருக்குன்னாங்க. அத வச்சுத்தான் சொன்னேன்."

"சென்சார் கோளாறா?"

"இப்ப சோதிச்சுப் பாத்ததுல ரெண்டு சென்சாரும் சரியாத்தான் இருக்கு சார்."

எல்லாம் உண்மை. அவர் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது, என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு ஜூலையில் வந்துவிடும் என்று சொன்னார். மூன்று வருஷம் ஒப்பந்தத்தில் ஓட்டியாயிற்று. கோமதியிடம் சொன்னேன். கேசரி கிண்டினாள்.

ஜூன் 11, ஞாயிறு

கணினிக்கென்று தனியாக ஒரு பதிவேடு உண்டு. எப்போது எழுந்தது, எந்தச் சாதனத்தை எப்போது பார்த்தது, என்ன பெயர் வைத்தது என்று தானே எழுதிக்கொள்ளும். ஞாயிறு காலைதோறும் பழையதை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். மூடியதில் நாலை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கும் பழையதை அழித்துவிடும். இன்று மூடியதில்தான் போன ஞாயிறு இருக்கிறது. ஜூலை 9 காலையில் அது போய்விடும். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஜூன் 13, செவ்வாய்

சும்மா ஞாபகத்துக்காக இதை எழுதி வைக்கிறேன்.

ஒரு கணினியில் எதைச் சொருகினாலும் அது முதலில் மூன்று விஷயம் கேட்கும். உன்னைச் செய்தவர் யார், நீ என்ன மாடல், உன் சொந்த எண் என்ன. செய்தவருக்கு ஒரு எண், மாடலுக்கு ஒரு எண், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு எண் இருக்க வேண்டும். கடைசி எண் ஒழுங்காக இருந்தால் எந்த ஓட்டையில் சொருகினாலும் இது அதுதான் என்று கணினி கண்டுகொள்ளும்.

சென்சார் ஒயரைக் கணினியோடு சேர்க்க நான் வாங்கியவை இரண்டு சின்ன டப்பிகள். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தன. இரண்டுக்கும் ஒரே சொந்த எண். செய்தவன் ஆயிரக்கணக்கில் அதே எண்ணை அச்சடித்துத் தள்ளியிருக்கிறான். ஆகவே கணினியைப் பொறுத்தவரை அவை இரண்டும் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் எது முதலில் எழுந்து குரல் கொடுக்கிறதோ அதற்குப் பூஜ்யம் என்றும், அடுத்ததற்கு ஒன்று என்றும் பெயர் வைத்துவிடும். நம் ஓ.பி. டோக்கன் மாதிரி. இன்றைக்கு ஒன்றாம் டோக்கன் வைத்திருந்தவர் நாளைக்கும் அதே ஆளாக இருக்க மாட்டார்.

என் புரோகிராமுக்கு அது தெரியாது. பூஜ்யம் என்றால் ஒன்றாம் ஃபிரிட்ஜ், ஒன்று என்றால் இரண்டாம் ஃபிரிட்ஜ். அப்படித்தான் எழுதினேன். பக்கத்திலேயே, "இது தற்காலிகம். ஓட்டையை வைத்துப் பெயர் கொடுக்க வேண்டும்" என்று எனக்கு நானே குறிப்பும் எழுதியிருக்கிறேன். டப்பி மாறினாலும், வரிசை மாறினாலும், ஓட்டை இருக்குமிடத்தில்தானே இருக்கும். இடது ஓட்டையில் வருவது ஒன்றாம் ஃபிரிட்ஜ், வலது ஓட்டையில் வருவது இரண்டாம் ஃபிரிட்ஜ் என்று எழுத நாலு வரி போதும். பதினாலு மாதமாக அந்த நாலு வரியை எழுதவில்லை.

அதற்குப் பதிலாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கணினி அணைந்து எழுந்தால், போய் இரண்டையும் பிடுங்குவேன். இடது முதலில் சொருகுவேன், பத்து எண்ணுவேன், பிறகு வலது. எல்லாம் சரியாகிவிடும். யாரிடமும் சொன்னதில்லை. பார்த்தவர்கள் தூசி துடைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மார்ச்சில் ஒருநாள் பிலோமினா அக்கா, "தம்பி, ஒண்ணாம் நம்பரத் தொறந்தா திரையில ரெண்டாம் நம்பர் கோடுல்ல ஆடுது" என்றார். பாத்துக்கிடுதேன் அக்கா என்று சொல்லிப் பிடுங்கிச் சொருகிவிட்டு வந்தேன். அது பழைய சமாச்சாரம்.

ஜூன் 16, வெள்ளி

விசாரணையில் சாட்சி சொன்னேன். ஜெபராஜ் சாரோடு ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்டிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார். பிலோமினா அக்கா எனக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இந்த ரிக்கார்ட யாராவது மாத்த முடியுமா?" என்று டிரஸ்டுக்காரர் கேட்டார்.

"முடியாது சார். சென்சார் அனுப்புறது அப்படியே பதிவாகும்."

"அப்ப மூணே காலுக்கு எட்டு டிகிரி இருந்தது உண்மை."

"எட்டு டிகிரி பதிவாகியிருக்கு சார்."

அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் சரியாகத்தான் சொல்கிறேன் என்பது போல. அவருக்கு என் மேல் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 18, ஞாயிறு

இன்னும் மூன்று ஞாயிறு.

ஜூன் 20, செவ்வாய்

மீன் கடையில் பிலோமினா அக்கா. நான் ஒதுங்கப் பார்த்தேன், அவரே கூப்பிட்டுவிட்டார். கோமதி எப்படி இருக்கா, பிள்ளைக்கு இருமல் விட்டதா என்றெல்லாம் கேட்டார். சாளையைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"கண்ணாடி மாத்தணும்னு நினைக்கேன் தம்பி. பவர் கூடிருக்கும் போல."

"ஏங்க்கா?"

"பாத்தது நாலுதான். ஆனா எல்லாரும் எட்டு எட்டுங்காங்க. டாக்டரும் பொய் சொல்லுத ஆளு கெடையாது, மெஷினும் பொய் சொல்லாது. அப்ப நான்தான் என்னமோ தப்பாப் பாத்திருக்கணும். இத்தன வருசமா எத்தன பேருக்கு குரூப் பாத்துக் குடுத்திருக்கேன். அதுல எத்தனையத் தப்பாப் பாத்தேனோன்னு படுத்தா நெனப்பு வருது."

"அப்படியெல்லாம் இருக்காதுக்கா" என்றேன். மீன் வாங்காமல் வந்துவிட்டேன். கோமதி கேட்டதற்கு நல்ல மீன் இல்லை என்றேன்.

ஜூன் 28, புதன்

சோதித்துப் பார்த்தேன். இதைச் சோதனை என்றுதான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் உதிரியாகக் கிடந்த ஒரு கணினியில், அதே மாதிரி இரண்டு டப்பியைச் சொருகிப் பத்துமுறை அணைத்து எழுப்பினேன். ஏழுமுறை இடது முதலில் எழுந்தது. மூன்றுமுறை வலது.

பத்தும் ஒரே மாதிரி வந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டுதான் செய்தேன்.

ஜூலை 2, ஞாயிறு

இன்னும் ஒன்று. கோயிலுக்குப் போனோம். கோமதி, "என்னத்தையாவது மனசுல போட்டு உருட்டுதீங்களா?" என்று கேட்டாள். வேலை அதிகம் என்றேன்.

ஜூலை 5, புதன்

ஜெபராஜ் சார் ஒரு தாளைக் கொடுத்து, ஸ்கேன் செய்து டிரஸ்டுக்கு அனுப்பச் சொன்னார். பிலோமினா அக்காவின் கையெழுத்து. ரத்தப் பைகளில் குரூப் எழுதும் அதே குண்டு எழுத்து.

"அன்று நான் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்காமலே பார்த்ததாகச் சொல்லிவிட்டேன். என் தவறை மன்னித்து, ஓய்வு பெற மீதமுள்ள ஆறு வருஷமும் வேறு ஏதாவது பிரிவில் வேலை தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"நான்தான் எழுதச் சொன்னேன்" என்றார் ஜெபராஜ் சார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. "மன்னிப்புக் கேட்டா வேலையாவது மிஞ்சும். வீம்பு பண்ணுனா அதுவும் போயிரும். முதல்ல அழுதாங்க. அப்புறம், 'பாத்தேனா பாக்கலையான்னு எனக்கே இப்பம் தெரியல சார்'னு சொல்லிட்டு எழுதிக் குடுத்துட்டாங்க."

ஸ்கேனர் கண்ணாடியில் தாளைக் கவிழ்த்து வைத்தேன். மூடியை மூடவில்லை. மறுபடி எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மிஷின் மக்கர் பண்ணுகிறது, நாளைக்கு அனுப்புகிறேன் என்று அவரிடம் சொன்னேன். இந்த ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரியில் நான் சொன்ன முதல் பச்சைப் பொய் இதுதான். மற்றதெல்லாம் உண்மையாகவே இருந்தது.

ஜூலை 6, வியாழன்

காலையில் பதிவேட்டைத் திறந்தேன். ஒரு மாதமாகத் திறக்காமல் இருந்தது அதில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் அல்ல. காதுகுத்தில் போனை வைக்கும்போதே தெரியும். அக்கா சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குக் காதில் விழாமல் போகவில்லை. "கரண்டு போய் வந்துச்சு தம்பி, அதுலேருந்து ஒண்ணாம் நம்பர் ஏறுதுன்னு காட்டுது, தொறந்து பாத்தா நாலுதான் இருக்கு" என்றார். எனக்குப் பொறி தட்டிவிட்டது. ரெண்டாம் நம்பரைத் திறந்து பாருங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். பக்கத்தில் மச்சினர், மாமனார், எல்லாரும் இருந்தார்கள். அமத்தி வைங்க என்று சொல்லிவிட்டேன். மூணே காலுக்கு எட்டு டிகிரியில் இருந்தது இரண்டாம் ஃபிரிட்ஜ். கரண்டு வந்த பிறகும் ஐந்தரை வரை அதன் கம்ப்ரஸர் ஓடாமல் நின்றிருக்கிறது.

பதிவேட்டில் இரண்டே வரி. தாளில் அச்சடித்து மங்கை டாக்டர் அறைக்கு எடுத்துப்போனேன். அவருக்குப் புரியும்படி ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தேன்.

ஜூன் 4, மதியம் 2.12: வலது ஓட்டையில் இருப்பது பூஜ்யம் ஆனது. இடது ஓட்டையில் இருப்பது ஒன்று ஆனது.
ஜூன் 5, காலை 7.41: இரண்டும் பிடுங்கப்பட்டன. 7.42: இடது பூஜ்யம், வலது ஒன்று.

டோக்கன் கதையைச் சொல்லி விளக்கினேன். முடித்ததும் அவர் இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"திங்கக்கிழமை காலைல ஏழு நாப்பத்தொண்ணுக்கு யார் பிடுங்கினது?"

"நான்தான் டாக்டர்."

"ஒன்பது மணிக்கு நான் உங்களைக் கூப்பிட்டப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அதனாலதான் ரெண்டையும் அழிக்கணும்னு சொன்னீங்க."

"ஆமா டாக்டர். கெட்டது ரெண்டாம் நம்பர்ல இருக்கது. அத யாருக்கும் ஏத்திரக் கூடாதுன்னு."

"அதையாவது செஞ்சீங்க." தாளைத் திருப்பி வைத்தார். "அன்னிக்கு உங்களை எல்லார் முன்னாடியும் பாராட்டினேன். அந்தம்மாவை எல்லார் முன்னாடியும் பொய்க்காரின்னேன். முப்பத்தொரு நல்ல பை. அந்த ஓ நெகட்டிவ் ரெண்டும் எதுல இருந்தது?"

"ஒண்ணுல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "போய் ஜெபராஜ்கிட்ட சொல்லுங்க. நானும் வரேன்" என்றார்.

பிலோமினா அக்காவின் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன்.

ஜூலை 7, வெள்ளி

மறு விசாரணை. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். மார்ச்சில் அக்கா எச்சரித்ததையும் சேர்த்து. எனக்கு மெமோ. நிரந்தர உத்தரவு நிறுத்தி வைப்பு. ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது, நீட்டிப்பார்கள் என்று தோன்றவில்லை. கோமதியிடம் முதலிலிருந்து சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

சாயங்காலம் அந்த நாலு வரியை எழுதினேன். ஆறு நிமிஷம் ஆயிற்று. இனிமேல் எது முதலில் எழுந்தாலும் இடது ஓட்டை ஒன்றாம் ஃபிரிட்ஜ்தான். இருபதுமுறை அணைத்து எழுப்பிப் பார்த்தேன். இருபதும் சரி.

ஜூலை 8, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஜெபராஜ் சார் ஏற்கெனவே போன் செய்து திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் நான் சொன்னேன். நின்றபடியே, முழுவதும்.

கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசி சேலையை உதறிக் கொடியில் போட்டார்.

"மீன் கடையில வச்சுப் பாத்தமே, அன்னைக்கும் உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும்க்கா."

உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை, வரச் சொல்லவும் இல்லை. கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

இன்று காலை கணினி அந்தப் பதிவேட்டை அழித்துவிட்டது.

ஜூலை 10, திங்கள்

எட்டு மணிக்கு ரத்த வங்கியில் இருந்தேன். டாக்டர் இருக்கச் சொல்லியிருந்தார். பிலோமினா அக்கா வெள்ளைக் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். பழைய கண்ணாடிதான். நேராக இரண்டாம் ஃபிரிட்ஜுக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, திரும்பித் திரையைப் பார்த்தார். இரண்டாம் கோடு மெல்ல ஏறியது. மூடினார். ஒன்றைத் திறந்தார். ஒன்றாம் கோடு ஏறியது. மூடினார்.

பிறகு ஒன்றாம் ஃபிரிட்ஜை மறுபடி திறந்து, உள்ளே தொங்கும் தெர்மாமீட்டரைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். குளிர்காற்று வெளியே வந்துகொண்டிருந்தது.

"எவ்வளவும்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்துச் சொல்லுங்க தம்பி."

போய்க் குனிந்து பார்த்தேன். "நாலுக்கா."

"அன்னைக்கு?"

டாக்டர் இருந்தார், வாசலில் இரண்டு நர்ஸ்கள் இருந்தார்கள், டோக்கனோடு வந்த யாரோ ஒருவரும் நின்றார்.

"அன்னைக்கும் நாலுதான்க்கா இருந்துச்சு" என்றேன். "நீங்க பாத்தது சரிதான்."

அவர் ஃபிரிட்ஜை மூடினார். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதிவுத் தாளை எடுத்து, காலை எட்டு மணி என்று எழுதி, அதற்கு நேராக நாலு என்று எழுதினார்.